கொல்லையில் வைத்த மரம் ஐப்பசியில் ஏன் வாடுகிறது?

மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் கொல்லையில் பப்பாளி வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் கம்பீரமாக நின்ற மரம், ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்த மழையில் போய்விட்டது என்பார்கள். போகும்போது அது அழுகியதுபோலக்கூடத் தெரியாது. தண்ணீரே காணாத செடி மாதிரி இலை தொங்கி வாடும். அந்த வாடலைப் பார்த்துவிட்டு, தேங்கிய தண்ணீர் வடிந்ததும் மேலும் இரண்டு குடம் ஊற்றுகிறவர்களும் உண்டு. மரத்துக்கு அத்தோடு கதை முடிந்தது.

வேரும் உயிருள்ள உறுப்புதான், அதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும். இலை தயாரிக்கும் சர்க்கரை வேருக்கு வந்து சேரும். அதை எரித்துச் சக்தியாக்க வேண்டிய ஆக்ஸிஜன் மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றிலிருந்துதான் வர வேண்டும். மழை அந்த இடுக்குகளை நிரப்பிவிட்டால் வரத்து நின்றுவிடும். ஏனென்றால் தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. மண்ணில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆக்ஸிஜனையும் நுண்ணுயிரிகளும் வேர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும்.

அப்புறம் வேர் நொதித்தலுக்கு, அதாவது ஆக்ஸிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் வழிக்கு, இறங்குகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஆக்ஸிஜனோடு சுமார் 30 ஏ.டி.பி. (செல் சக்தியைச் சேர்த்துச் செலவழிக்கும் மூலக்கூறு) எடுத்த செல்லுக்கு இப்போது கிடைப்பது இரண்டே இரண்டு. செல்லின் உட்பகுதி அமிலமாகிறது. அமிலம் ஏறினால் செல் சவ்வில் தண்ணீரை உள்ளே விடும் புரதக் கதவுகள் மூடிக்கொள்ளும். சுற்றிலும் தண்ணீர் நின்றும் வேரால் குடிக்க முடியாமல் போவதும், இலை வாடுவதும் இதனால்தான். வலுவிழந்த வேரில் அழுகல் பூஞ்சைகள் ஏறுவது அதற்கு அடுத்த கட்டம். பப்பாளிக்கு இந்த மொத்தக் கதைக்கும் இரண்டு நாள் போதும்.

மழை எல்லா ஊரிலும்தான் பெய்கிறது. டெல்டாவில் மட்டும் என்ன விசேஷம்? மண்தான். காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டலில் ஆற்றோரப் படுகைகள் மணல் கலந்து பொலபொலவென்று இருக்கும். வாழைக்கும் தென்னைக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆற்றை விட்டுத் தள்ளிப்போகப்போகக் களி ஏறுகிறது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பி இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும் களி. போதாததற்கு, இன்றைய புது மனைகளில் பல நேற்றுவரை நெல்வயல். தலைமுறை தலைமுறையாகச் சேறடித்து நட்டதில், உழவு ஆழத்துக்குக் கீழே ஓர் இறுகிய அடுக்கு உருவாகியிருக்கும். தண்ணீர் கீழே இறங்காமல் இருக்க நெல்லுக்கு அது வேண்டும். அதன்மேல் இரண்டடி மண் கொட்டி வீடு கட்டிவிட்டு மாங்கன்று நடுகிறோம்.

உங்கள் கொல்லை எப்படிப்பட்டது என்று மண்ணே சொல்லும். கடப்பாரையால் இரண்டடி தோண்டி, கீழ்மண்ணில் ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பாருங்கள். ஒரே சீராகப் பழுப்போ செம்பழுப்போ இருந்தால் காற்று போகிற மண். சாம்பல் நிறமாக, லேசாக நீலம் பாரித்திருந்தால் வருடத்தில் பல வாரங்கள் தண்ணீர் நிற்கிற மண். ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் இரும்புத் துருவைப் பிடித்து அதைக் கரையும் இரும்பாக மாற்றிவிடும். மண்ணின் சிவப்பு போய்விடும். அந்தச் சாம்பல் கட்டிக்குள் நூல் பருமனில் ஆரஞ்சுக் கோடுகள் ஓடினால் உற்றுப் பாருங்கள், நடுவில் மெல்லிய துளை தெரியும். அது பழைய நெல்வேர் போன தடம். நெல் தன் வேருக்குள் குழாய்போல் காற்றிடம் வைத்து, இலையிலிருந்து ஆக்ஸிஜனைக் கீழே இறக்குகிறது. அதில் கசிந்தது பட்டு, கரைந்த இரும்பு மறுபடி துருவாகி வேரைச் சுற்றி ஒட்டிக்கொண்டது.

சேம்பும் இதே வித்தைதான் செய்கிறது. தண்டைக் குறுக்கே நறுக்கினால் பஞ்சுபோன்ற காற்றறைகள் தெரியும். ஆகவே தண்ணீர் நிற்கிற மூலையைச் சேம்புக்கும் வல்லாரைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் விட்டுவிடலாம். நாவலும் கொய்யாவும் சில நாள் ஈரத்தைச் சமாளிக்கும். மாமரம் இடைப்பட்ட ரகம்: தேங்கிய தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பட்டையின் மூச்சுத் துளைகள் வெள்ளையாகப் புடைக்கும், புடைத்த கன்று பிழைக்க வாய்ப்பு அதிகம். பலா, முருங்கை, கறிவேப்பிலை மூன்றும் பப்பாளியோடு சேர்த்தி. வேதாரண்யம் பக்கம்போல உப்பு ஏறும் மண்ணென்றால் சப்போட்டா ஓரளவு தாங்கும்.

இனி அந்த ‘மூன்றடிக் குழி’. மூன்றடிக்கு மூன்றடி தோண்டி, மணலும் எருவும் நிரப்பி நடச் சொல்வார்கள். செம்மண்ணுக்கு அது நல்ல யோசனை. களியில் அதே குழி, அடைப்பு போட்ட தொட்டி ஆகிவிடுகிறது. சுற்றுப்புறத் தண்ணீரெல்லாம் தளர்ந்த மண்ணுக்குள் இறங்கும், வெளியேற வழியில்லை. அடியில் புதைத்த எரு காற்றில்லாமல் புளித்து வேருக்கு ஆகாத அமிலங்களைக் கக்கும். அடியில் ஜல்லி போட்டாலும் பிரயோஜனமில்லை; ஜல்லியைத் தாண்டியும் களிதானே?

தோண்டுவதற்குப் பதில் மேடு போடுங்கள். ஒன்றரை முதல் இரண்டடி உயரம், ஆறடி அகலம், ஓரம் சரிவாக. கொல்லை மண்ணையே பயன்படுத்தி, மக்கிய எருவை மேல் அரையடியில் மட்டும் கலக்கலாம். உணவு தேடும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடிக்குள்தான் இருக்கும் என்பதால் இந்த உயரம் போதும். ஒட்டு போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். மேட்டைச் சுற்றி எடுத்த பள்ளத்துக்கு வாய்க்கால் பக்கம் ஒரு வடிகால் கட்டாயம். இல்லையென்றால் மேடு தீவாகிவிடும். கோடையில் தேங்காய் மட்டை, வைக்கோல் மூடாக்கு போட்டால் களி வெடித்து மெல்லிய வேர்களை அறுப்பது குறையும். மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியிருக்கட்டும்.

ஐப்பசியில் நட்டால் மழையே தண்ணீர் ஊற்றிவிடும் என்ற கணக்கு களிமண்ணில் செல்லாது. ஆனி, ஆடியில் நட்டு மூன்று மாதம் நாமே தண்ணீர் விட்டு வளர்த்த கன்று, வேர் ஓடிய நிலையில் மழையைச் சந்திக்கும். தை நடவும் சரி, ஆனால் கோடை முழுக்கக் குடம் தூக்கத் தயாராக இருக்க வேண்டும்.

வெள்ளம் வந்தேவிட்டால் முதல் வேலை வடிகால் வெட்டுவது. வடிந்தபின் மேல்மண் காய்ந்து பொறுக்குக் கட்டும். வேரைத் தொடாமல் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கிளறிவிடுங்கள். இலை மஞ்சளாவதைப் பார்த்து உடனே யூரியா போட வேண்டாம். தேங்கிய நாட்களில் மண்ணின் நைட்ரேட், அதாவது தழைச்சத்து, வாயுவாகப் பறந்துபோனது உண்மைதான், ஆனால் போட்டதை எடுத்துக்கொள்ள இப்போது வேர் இல்லை. புதுத் துளிர் விட்டதும் உரம் கொடுத்தால் போதும்.