அப்பா அம்மாவுக்கு பஹ்ரைனைச் சுற்றிக் காட்டும் முன்

மே மாதத்து வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை மணி இருக்கும். அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவரை மகனும் மருமகளும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக் கொண்டு கிளினிக்குக்குள் வந்தார்கள். உதடு வெடித்திருந்தது. நாக்கு உலர்ந்து பேச்சு குழறியது. ரத்த அழுத்தம் 88/54. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிக் கோட்டையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பாலைவனத்து ஒற்றை மரமான ட்ரீ ஆஃப் லைஃப் பார்க்கப் போயிருக்கிறார்கள். உச்சி வெயிலில் மரத்தடியில் படம் எடுக்க நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்து சரிந்துவிட்டார்.

டிரிப்ஸ் ஏறி முகம் தெளிந்த பிறகு, “தண்ணி குடிக்கலையாம்மா?” என்று கேட்டேன். “கார்ல ஆறு பாட்டில் இருந்துச்சு டாக்டர், சொல்லிச் சொல்லிப் பார்த்தோம்” என்றார் மகன். அவர் மாத்திரை வாங்க வெளியே போனதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “குடிச்சா ஒண்ணுக்குப் போகணும். அந்தப் பொட்டக் காட்டுல எங்க போறது? மருமவகிட்ட எப்படிக் கேக்குறது?”

மனாமாவில் பொது மருத்துவராக இருக்கிறேன். விசிட் விசாவில் வரும் நம் ஊர்ப் பெற்றோர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் சுருண்டு வருபவர்களில், முக்கியமாக அம்மாக்களில், பாதிக்கு மேற்பட்டவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் இந்தப் பதில்தான் வரும். இதை எழுதச் சொன்னதே அந்த அம்மாதான்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வாரத்தில் கிடைப்பது வெள்ளியும் சனியும். அதிலும் பலருக்கு ஒரு நாள்தான் லீவு. பெற்றோர் வந்து இறங்கியதும் தீவு முழுக்கக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. பஹ்ரைன் சின்ன நாடுதானே, வடக்கே இருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். தூரம் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் காரை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து, மறுபடி ஏசிக்குள் ஏறி, மறுபடி இறங்குவது வயதான உடம்புக்குப் பெரிய வேலை.

இந்த வெயிலை ஊர் வெயில் மாதிரி நினைக்கக் கூடாது. “எங்க ஊர்ல பார்க்காத வெயிலா” என்று அப்பாக்கள் சொல்வார்கள். இது தீவு. கோடையில் 40 டிகிரி சூட்டோடு கடலின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆகஸ்ட், செப்டம்பர் புழுக்கத்தில் வியர்வை வழியுமே தவிர உலராது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். கோடை உச்சத்தில் மதியம் 12 முதல் 4 வரை திறந்த வெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது. கட்டட வேலை செய்யும் இளைஞனுக்கே ஆகாத நேரம், எழுபது வயது அப்பாவுக்கு எப்படி ஆகும்?

வயதாக ஆக தாக உணர்வு மங்கிவிடும். அதோடு ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் உண்டு. சர்க்கரைக்குத் தரும் புதிய மாத்திரைகளில் சிலவும் சிறுநீரை அதிகமாக்கும். அந்த அம்மாவின் பையிலும் நீர் மாத்திரை இருந்தது. காலையில் அதைப் போட்டுக்கொண்டு, மதியம் வரை இரண்டு மடக்குத் தண்ணீரோடு சமாளித்திருக்கிறார். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வெளியே போகும் நாளில் என்ன செய்வது என்று அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள்.

சரி, எங்கே, எப்போது அழைத்துப் போகலாம்?

மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் நவம்பர் முதல் மார்ச் வரை. ஜனவரியில் பகலிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஸ்வெட்டர் தேவைப்படும். பேரன் பேத்திகளின் பள்ளி விடுமுறையை வைத்து ஜூலையில் டிக்கெட் போடுபவர்கள், வெளியிடங்களைக் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். மற்ற நேரத்துக்கு அருங்காட்சியகம் இருக்கிறது.

முதல் நாள் தேசிய அருங்காட்சியகத்துக்கே அழைத்துப் போங்கள் என்பேன். 1988-ல் திறந்தது. ஏசி, உட்கார இடம், கழிப்பறை எல்லாம் உண்டு. நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய தில்முன் என்ற பழைய நாகரிகத்தின் புதைமேடு ஒன்றை உள்ளேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதை நிழலில் நிதானமாகப் பார்த்துவிட்டால், பிறகு ஆலி என்ற ஊர்ப் பக்கம் காரில் போகும்போது வீடுகளுக்கு நடுவே எழுந்து நிற்கும் மண்மேடுகள் என்னவென்று அவர்களுக்கே புரியும். 2019-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, தீவின் பல இடங்களிலுமாக 11,774 மேடுகள் கணக்கில் இருந்தன. நடக்க முடியாதவர்களுக்கு ஆலி மிகவும் ஏற்ற இடம், கார் கண்ணாடி வழியாகவே பார்த்துவிடலாம். அங்கே பானை வனைபவர்களின் பட்டறைகளும் இருக்கின்றன. சக்கரம் சுற்றுவதைப் பார்த்தால் நம் ஊர் அம்மாக்கள் அங்கிருந்து கிளம்ப மாட்டார்கள்.

கோட்டை, அதாவது கலாத் அல் பஹ்ரைன், 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. மேலே தெரியும் கோட்டையின் அடியில், கிறிஸ்துவுக்கு முன் 2300 வாக்கில் தொடங்கி, ஒன்றன் மேல் ஒன்றாகக் குடியிருப்புகள் புதைந்து கிடக்கின்றன. சிந்து சமவெளியின் எடைக்கற்கள் இங்கே கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்திலேயே நம் பக்கத்து வியாபாரிகள் வந்து போன துறைமுகம் இது என்று சொன்னால் அப்பாக்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஆனால் தரை மேடும் பள்ளமுமான கல், சரிவு, நிழலே இல்லாத வெட்டவெளி. மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கைத்தடி வேண்டும், செருப்பு வேண்டாம், ஷூ வேண்டும். முழுவதையும் சுற்ற வேண்டியதில்லை. பக்கத்திலேயே கடலைப் பார்த்தபடி இருக்கும் அருங்காட்சியகத்துக்குள் முதலில் போய்விட்டு, வெயில் சாய்ந்ததும் முகப்பு வரை நடந்து, சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

முஹரக்கில் இருக்கும் முத்துப் பாதைதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளத்தில் பழைய வியாபாரிகளின் வீடுகளையும் கப்பல் தலைவர்களின் வீடுகளையும் இணைக்கும் பாதை. 2012-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்தது. குறுகலான சந்துகள் என்பதால் காலையிலும் மாலையிலும் ஒரு பக்கச் சுவரின் நிழல் கிடைக்கும். ஒரே நாளில் எல்லாம் நடக்க வேண்டாம், இரண்டு மூன்று வீடுகள் போதும். அந்தக் காலத்தில் முத்துக் குளிப்பு கோடையில்தான் நடக்கும். நாலு மாதம் கடலிலேயே படகில் இருப்பார்கள். காலில் கல், மூக்கில் இடுக்கி, கழுத்தில் கூடை. மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் இழுத்தால்தான் உயிர். செவிப்பறை கிழிந்தவர்களும் கண் கெட்டவர்களும் அவர்களில் ஏராளம். முன்பணக் கடனோ அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து இந்தத் தொழிலை முடித்து வைத்தன. 1932-ல் ஜபல் துகான் அடிவாரத்தில் எண்ணெய் கிடைத்திராவிட்டால் இந்தத் தீவு என்ன ஆகியிருக்குமோ.

தூத்துக்குடிக்காரரான பெரியவர் ஒருவர், அந்தக் காலத்து மூழ்குகல்லைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் அரை மணி நேரம் பேசினார். அவருடைய சித்தப்பா சங்கு குளித்தவராம். “கல்லு இதேதான். கயித்தைப் பிடிக்கிறது யாருன்னு பார்த்துட்டுத்தான் எங்க சித்தப்பா இறங்குவாரு” என்றார். சொல்லும்போது அவர் கை தன்னையறியாமல் கயிற்றைப் பற்றுவது போல மூடியது. அவர் மனாமாவில் மால் ஒன்றுகூடப் பார்க்காமல்தான் ஊர் திரும்பினார். அதில் அவருக்குக் குறையே இல்லை.

ஜுஃபைரில் இருக்கும் அல் ஃபாதிஹ் பெரிய பள்ளிவாசலில் ஏழாயிரம் பேர் தொழலாம். 60 டன்னுக்கு மேல் எடையுள்ள ஃபைபர் கண்ணாடிக் குவிமாடம். மற்ற மதத்தவரையும் உள்ளே அழைத்துச் சென்று பொறுமையாக விளக்குகிறார்கள். பெண்களுக்கு அபாயா என்ற நீண்ட அங்கியை அங்கேயே தருவார்கள். தொழுகை நேரம் பார்த்துக்கொண்டு போங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம். மனாமா சூக்குக்குள், அதாவது பழைய கடைவீதிக்குள், இருக்கும் ஸ்ரீநாத்ஜி என்ற கிருஷ்ணர் கோயில் 200 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. இந்தத் தீவில் இப்படி ஒரு கோயிலா என்று பெற்றோர் நெகிழ்ந்து போவார்கள்.

இப்படி வெறுங்காலோடு நடக்க வேண்டிய இடங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் சர்க்கரை இருந்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். ஒரு பெரியவர் வழிபாட்டுத் தலம் ஒன்றின் திறந்த முற்றத்தில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். கல் கொதித்தது அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்குப் போய் சாக்கடைத் தண்ணீரை மிதித்த மாதிரி கால் ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தால், இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்திருக்கிறது. புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. தடிமனான பருத்தி சாக்ஸ் ஒரு ஜோடி கைப்பையில் இருந்திருந்தால் போதும்.

ட்ரீ ஆஃப் லைஃபுக்கு வருகிறேன். பாலைவனத்துக்கு நடுவே ஒற்றை மரம். 400 வயதுக்கு மேல் என்கிறார்கள், உயரம் முப்பது அடிக்குக் கொஞ்சம் அதிகம். அது வேறொன்றும் இல்லை, நம் வன்னி மரம். விருத்தாசலத்துத் தலமரம். விஜயதசமிக்கு அம்பு போடுகிற அதே மரம். இதைத் தெரிந்துகொண்டு போகும் பெற்றோர் அதன் அருகில் நிற்கும் விதமே வேறு. ஆனால் மனாமாவிலிருந்து நாற்பது கிலோமீட்டர், வழியெல்லாம் எண்ணெய்க் குழாய்கள், மரத்தடியை விட்டால் நிழல் கிடையாது. ஆகவே குளிர்காலத்தில் காலையிலோ நாலு மணிக்கு மேலோ போங்கள். வெயில் காலத்தில் விடிந்தவுடன் போய் விடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கிளம்பும் முன் வழியில் எந்தப் பெட்ரோல் பங்கில் நிறுத்தப் போகிறோம் என்று அம்மாவிடம் நீங்களாகச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தால் கேட்க மாட்டார். “முக்கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்துவேன், எனக்கே போகணும்” என்று மகன் சொன்னால் போதும், பாட்டில் தானாகக் காலியாகும்.

பெற்றோர் எதுவும் குடிக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு தினார் 200 ரூபாய்க்கு மேல். அதை மனதில் பெருக்கிப் பார்த்து இளநீர், ஜூஸ் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்பார்கள். கேட்காமல் வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்சுலினைக் காரில் வைத்துவிட்டு இறங்காதீர்கள், நிறுத்திய கார் அடுப்பு மாதிரி. ஊரிலிருந்து வலி மாத்திரை, தூக்க மாத்திரை கொண்டுவருவதாக இருந்தால் மருத்துவர் சீட்டு கட்டாயம் கூடவே இருக்க வேண்டும், அவற்றில் சில இங்கே கட்டுப்பாடு உள்ளவை. அப்புறம், வெயிலில் இருப்பவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாலோ, தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ உடனே 999. ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்க வேண்டாம். நிழலில் படுக்க வைத்து, துணியை நனைத்து விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

அந்த அம்மா ஊருக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பிரஷர் பார்க்க வந்தார். 128/76. நடுவில் மூன்று வாரம் மகன் தினமும் விடிகாலையில் ஓர் இடமாக அழைத்துப் போயிருக்கிறார், வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம். மாலையில் ஒருநாள் கோட்டைக்கும் மறுபடி போயிருக்கிறார்கள். மரத்தையும் மறுபடி பார்த்தாயிற்றாம், காலை ஐந்தரைக்கு. எழுந்து போகும்போது கதவருகில் நின்று சொன்னார்: “கோட்டையில பாத்ரூம் மியூசியத்துக்குள்ளதான் இருக்கு டாக்டர். மூடுறதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடணும். வேற யாராச்சும் அம்மா வந்தா சொல்லுங்க.”