இரண்டு துடிப்புக்கு நடுவே

நாடி பிடித்து 15 வினாடி எண்ணி, நான்கால் பெருக்குவது பழகிய கணக்கு. 18 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 72. ஒன்று கூடினால் 76. நடுவில் உள்ள 73, 74, 75 இந்த முறையில் வரவே வராது.

கருவிகள் எண்ணுவதில்லை, இடைவெளியை அளக்கின்றன. இதயத்தின் கீழறைகள் சுருங்கத் தொடங்கும்போது இசிஜியில் ஒரு கூர்மையான முனை எழும். அதற்கு ஆர் அலை என்று பெயர். ஒரு முனைக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை வினாடி என்று பார்த்து, 60ஐ அதால் வகுத்தால் போதும். 0.8 வினாடி என்றால் 75. இசிஜி தாள் வழக்கமாக வினாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுவதால், 5 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய கட்டம் ஒன்று 0.2 வினாடி. அதனால் 300ஐக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தாலும் அதே விடைதான். நான்கு கட்டம், 75.

சரி, இவ்வளவுதானா? சிக்கல் சராசரி எடுக்கும்போது வருகிறது. நலமான இதயம்கூடக் கடிகார முள் மாதிரி அடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சற்று விரைந்து, விடும்போது தணியும். கணக்குக்காகக் கொஞ்சம் மிகைப்படுத்தி, ஓர் இடைவெளி 0.5 வினாடி, அடுத்தது 1 வினாடி என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே வகுத்தால் 120, 60, சராசரி 90. ஆனால் உண்மையில் 1.5 வினாடியில் இரண்டு இடைவெளி கடந்திருக்கிறது. அப்படியானால் நிமிடத்துக்கு 80தான்! மெதுவான துடிப்பு அதிக நேரத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேகங்களைக் கூட்டி வகுக்கும்போது அந்த நேரம் கணக்கிலேயே வருவதில்லை. முதலில் இடைவெளிகளுக்குச் சராசரி, அப்புறம்தான் 60ஐ வகுக்க வேண்டும். நிரல் எழுதுபவர்கள் எளிதில் சறுக்கும் இடம் இது.

வேகம் கூடக்கூட அளவைப் பிழையும் பெரிதாகும். 1 வினாடி இடைவெளியில் நூறில் ஒரு பங்கு வினாடி பிசகினால் 60 என்பது 59.4 ஆகும், அவ்வளவுதான். அதே பிசகு 0.3 வினாடியில் நேர்ந்தால் 200 என்பது 193.5 ஆகிவிடும்.

கைக்கடிகாரம் தோலில் ஒளி பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. கை அசைந்து ஒரு துடிப்பு தவறினால் 0.8 வினாடி 1.6 ஆகும், 75 திடீரென 37.5. இப்படித் துருத்தி நிற்கும் இடைவெளிகளை ஒதுக்கிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும்.

மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனிலோ எல்லா இடைவெளியும் துருத்தித்தான் நிற்கும். எதை ஒதுக்குவது? அங்கே மருத்துவர்கள் 30 பெரிய கட்டங்களை, அதாவது 6 வினாடியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஆர் முனைகளை எண்ணிப் பத்தால் பெருக்குகிறார்கள். பழைய நாடிக் கணக்கேதான்.