தராசு ஏன் அங்கே இருக்கிறது? லீன் திட்டமும் நம் கரையோரக் கூடங்களும்

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊர்ப் பக்கம் நண்டுச் சதை எடுக்கும் ஒரு சின்னக் கூடத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். நீளமான எஃகு மேசை, இரண்டு பக்கமும் பெண்கள். அவித்து ஆறவைத்த நண்டை இடது கையில் பிடித்து, ஓட்டைப் பிளந்து, சின்னக் கத்தியின் நுனியால் சதையை உடையாமல் உருவுகிறார்கள். கண் தொடர முடியாத வேகம். ஆனால் கிண்ணம் நிறைந்ததும் எழுந்துபோய் எடைபோட வேண்டும். தராசு வாசலோரம் இருக்கிறது. போக 36 எட்டு, வர 36 எட்டு. முன்னால் இரண்டு பேர் நின்றால் காத்திருக்க வேண்டும். கூலி கிலோக் கணக்கு. நடக்கிற நேரத்துக்குக் கூலி இல்லை.

"ஏன்க்கா தராசு அவ்வளவு தூரத்துல?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"அது எப்பவும் அங்கதான் தம்பி இருக்கு" என்றார்.

முதலாளியும் அதையேதான் சொன்னார். யாரும் வேண்டுமென்று வைத்ததில்லை. என்றோ ஒருநாள் ப்ளக் பாயின்ட் அங்கே இருந்தது, தராசும் அங்கே போனது. இப்படி யாரும் கேள்வி கேட்காமல் தினமும் நடக்கிற நஷ்டத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதற்கு லீன் உற்பத்தி என்று பெயர். ஆலோசகரை வரவழைத்து அதைச் செய்துகொள்ள மத்திய அரசு பெரும்பங்கு பணம் தருகிறது. நம் மாவட்டத்தில் இது பலருக்குத் தெரியவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

திட்டத்தின் பெயர் எம்.எஸ்.எம்.இ. காம்பெடிட்டிவ் லீன் ஸ்கீம். மத்திய சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2023 மார்ச் 10 அன்று தொடங்கியது. ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. மீதி 10 சதவீதம்தான் நம் பங்கு. இதற்கு முன்பிருந்த லீன் திட்டத்தில் அரசின் பங்கு 80 சதவீதமாக இருந்தது. பெண்களோ பட்டியல் சாதி, பழங்குடியினரோ உரிமையாளராக இருக்கும் தொழிற்கூடங்களுக்கு இன்னும் 5 சதவீதம் கூடுதல். பாரம்பரியத் தொழில் செய்பவர்களை ஒன்றுசேர்க்கும் ஸ்ஃபூர்த்தி என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் உருவான தொழில் தொகுப்புகளில் உள்ளவர்களுக்கும் அதே சலுகை உண்டு. தொழில் சங்கம் வழியாகப் பதிந்து எல்லா நிலைகளையும் முடித்தவர்களுக்கு மேலும் 5 சதவீதம் இருக்கிறது. பேச்சுக்கு, கட்டணம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் சாதாரணமாக நம் கையிலிருந்து 10,000 ரூபாய். பெண் உரிமையாளர் என்றால் 5,000.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மெஷின் வாங்கத் தரும் மானியம் இல்லை. நம் கூடத்துக்கு வந்து நின்று பார்த்து, எங்கே வீணாகிறது என்று காட்டி, மாற்றம் நடக்கிறவரை கூட இருந்து வழிநடத்தும் ஆலோசகருக்கான கட்டணம். கடன் திட்டம் என்று நினைத்து வருபவர்கள் ஏமாந்து போவார்கள்.

ஆலோசகர் எதைத் தேடுவார்? ஜப்பானின் டொயோட்டா கம்பெனியில் டாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் தொழிற்சாலையில் வீணாவதை ஏழு வகையாகப் பிரித்தார். அவர்கள் அதை முடா என்பார்கள். தேவைக்கு மேல் செய்வது, காத்துக்கிடப்பது, பொருளை அங்குமிங்கும் சுமப்பது, வேண்டாத வேலையைச் செய்வது, சரக்கைத் தேக்குவது, ஆள் வீணாக நடப்பதும் குனிவதும், பழுதான பொருள். நான் பார்த்த தராசு ஆறாவது வகை. வரிசையில் நின்றது இரண்டாவது.

நம் கரையோரத் தொழிலில் காத்திருப்பும் தேக்கமும்தான் பெரிய எதிரி என்பது என் கருத்து. பனியன் கம்பெனியில் துணி ஒரு நாள் சும்மா கிடந்தால் துணியாகவே இருக்கும். நண்டும் மீனும் அப்படி இல்லை. அவித்த நண்டு கூடையில் கிடக்கக் கிடக்கத் தரம் இறங்கும், ஐஸ் கரையும், விலை விழும். அதுவும் ராமேசுவரத்தில் விசைப்படகு வாரத்தில் 3 நாள்தான் கடலுக்குப் போகிறது. படகு கரைசேரும் நாளில் சரக்கு குவியும், மற்ற நாளில் மேசை பாதி காலி. இந்த ஏற்ற இறக்கத்துக்கு டொயோட்டாக்காரர்கள் முரா என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கடலை நம்மால் மாற்ற முடியாதுதான். ஆனால் ஒரே தடவையில் எல்லா நண்டையும் அவித்துக் குவிக்காமல், மேசையில் உள்ள கைகள் எடுத்து முடிக்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அவிக்கலாம். மீதி பச்சையாக ஐஸில் இருக்கட்டும். மேசையில் ஒரு காலிக் கூடை வந்தால்தான் அடுத்த கூடை அவியும் என்று வைத்துவிட்டால் போதும். அடுத்த வேலையைத் தொடங்கச் சொல்லும் சீட்டு முறை இது, இதைத்தான் கான்பான் என்கிறார்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், கூடையே சீட்டு.

சதையில் ஓட்டுத் துணுக்கு கிடந்தால் அது பழுது. கடைசி மேசையில் பிடித்தால் எல்லாவற்றையும் மறுபடி கிளற வேண்டியிருக்கும். எடுக்கிற இடத்திலேயே வெளிச்சத்தைக் கூட்டிவிட்டால் அங்கேயே கண்ணில் படும். கருவாட்டுக் களத்தில் மணலில் பரப்பிப் பிறகு மணலைத் தட்டி எடுக்கிறார்களே, அது வேண்டாத வேலை. உயர்த்திக் கட்டிய வலைப் பந்தலில் காயப்போட்டால் அந்த வேலையே பிறக்காது. சங்கு, சிப்பிப் பொருள் செய்யும் கூடத்தில் பசையும் தேய்க்கும் தாளும் தேடியே நேரம் போகும். அதற்கு ஃபைவ் எஸ் என்ற ஐந்து படி முறை: வேண்டாததைக் கழி, வேண்டியதற்கு இடம் குறி, சுத்தம் செய், எல்லோருக்கும் ஒரே முறையை வை, விடாமல் கடைப்பிடி.

லீன் என்றாலே ஆட்குறைப்பு என்று பயப்படுகிறார்கள். வீணாகும் நடையை எடுத்துவிட்டு அந்த நடையை நடந்த ஆளையும் எடுத்துவிட்டால், அடுத்த முறை யாரும் வாய் திறந்து குறை சொல்லமாட்டார்கள். கூடத்தின் கஷ்டம் முழுவதும் தெரிந்தவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்கும் அக்காமார்தான். ஆலோசகர் வரும் முதல் நாளே அவர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

யார் சேரலாம்? உத்யம் பதிவு, அதாவது சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு உள்ள உற்பத்தித் தொழில்கள். 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள வரம்புப்படி, இயந்திரம் தளவாட முதலீடு இரண்டரைக் கோடியும் ஆண்டு விற்பனை 10 கோடியும் தாண்டாவிட்டால் குறுந்தொழில். நம் பக்கத்துக் கூடங்கள் அநேகமாக இதற்குள் அடங்கும். மீனைப் பதப்படுத்துவது உற்பத்தி. படகு வைத்து மீன் பிடிப்பது இதில் வராது.

திட்டத்துக்கென்று தனி இணையதளம் இருக்கிறது: லீன் டாட் எம்எஸ்எம்இ டாட் ஜிஓவி டாட் இன். உத்யம் எண்ணை வைத்துப் பதிந்து, முதலில் லீன் உறுதிமொழி எடுக்க வேண்டும். பிறகு பேசிக், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு என்று மூன்று நிலைகள். பேசிக்கில் அடிப்படைக் கருவிகளைக் கற்றுக்கொள்வது. மேல்நிலைகளில் ஆலோசகரோடு சேர்ந்து கூடத்தில் செய்து காட்டுவது. நடத்துவது குவாலிட்டி கவுன்சில் ஆஃப் இந்தியாவும் நேஷனல் புரொடக்டிவிட்டி கவுன்சிலும். விண்ணப்பிக்கும் முன் கட்டணத்தையும் நடப்பு விதியையும் அந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கணினி பழக்கம் இல்லாதவர்கள் ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்கலாம்.

தொடங்க நல்ல நேரம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். வரத்து குறையும், மேசையை நகர்த்தவும் தரையில் கோடு போடவும் இடமும் நேரமும் கிடைக்கும். அதற்கு முன் ஒரு வாரம், கிண்ணம் நிறைந்தபின் எத்தனை பேர் எவ்வளவு நேரம் தராசுக்காக நிற்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆலோசகர் வந்ததும் முதலில் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

கடைசியாக உத்யம் பதிவு: அதற்குக் கட்டணமே கிடையாது. ஆதார் எண்ணும், அதோடு இணைந்த செல்போனும், பான் எண்ணும் கையில் இருந்தால் நீங்களே செய்யலாம். பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.