காலரா மழையில் வருவதில்லை, வாடகை வீட்டிலிருந்து வருகிறது: கானாவின் அஷைமான் நகராட்சியில் கண்டது

மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில், தென்கரையோர நகரங்களில் ஏப்ரல், மே மாதங்களில் மழை பிடிக்கும். ஜூனில் உச்சத்துக்குப் போகும். அந்த நாட்களில் வயிற்றுப்போக்கு என்று யார் வந்தாலும் செவிலியர் கேட்கும் முதல் கேள்வி, “அரிசி கழுவின தண்ணி மாதிரி போகுதா?” என்பதுதான். காரணம் இருக்கிறது. 2014 ஜூனில் தலைநகர் அக்ராவில் தொடங்கிய காலரா, அந்த ஆண்டு முடிவதற்குள் நாடு முழுக்கச் சுமார் 29,000 பேரைத் தாக்கியது. 240 பேருக்கு மேல் இறந்தார்கள். நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அக்ராவும் அதைச் சுற்றியுள்ள நகராட்சிகளும் அடங்கிய கிரேட்டர் அக்ரா பகுதியைச் சேர்ந்தவர்கள்.

அந்தப் பகுதியில் நகராட்சிச் சுகாதாரக் குழுக்களோடு வேலை பார்த்த பொதுச் சுகாதாரப் பொறியாளன் நான். காலரா என்றதும் “மக்களுக்குச் சுத்தம் பற்றிய அறிவு போதாது” என்று சொல்லிவிடுவது எங்கள் துறையில் வழக்கமாகிவிட்டது. அஷைமானில் நான் சந்தித்த எந்தத் தாய்க்கும் கை கழுவ வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர்களிடம் இல்லாதது கழிப்பறை.

அஷைமான் எப்படி உருவானது என்று தெரிந்தால் இது புரியும். 1950களில், அக்ராவுக்குக் கிழக்கே தேமா என்ற மீனவர் ஊரில் பெரிய துறைமுகமும் அதையொட்டிப் புது நகரமும் கட்டத் தொடங்கினார்கள். துறைமுகம் 1962இல் திறக்கப்பட்டது. தேமா வரைபடம் போட்டுக் கட்டிய ஊர். ‘கம்யூனிட்டி 1’, ‘கம்யூனிட்டி 2’ என்று எண் போட்ட குடியிருப்புகள், அகலமான சாலைகள், பாதாளச் சாக்கடை என்று எல்லாம் அதற்குக் கிடைத்தன. அதைக் கட்ட வந்த கூலித் தொழிலாளிகளில் பலருக்கு அங்கே வீடு கிடைக்கவில்லை. அவர்கள் வடக்கே தள்ளிப் போய் அறைகளைக் கட்டிக்கொண்ட இடம்தான் அஷைமான். ஊர் முதலில் நிறைந்தது, நிர்வாகம் பின்னால் வந்தது. தேமாவிலிருந்து பிரித்துத் தனி நகராட்சியாக்கியது 2008இல்தான். பாதாளச் சாக்கடை ஊரின் பெரும்பகுதிக்கு வரவே இல்லை.

2010 கணக்கெடுப்பில் அங்கே 1,90,972 பேர். 2021இல் 2,08,060 பேர். 2021 கணக்கெடுப்பு, ஜூன் 27 இரவு யார் எங்கே தங்கினார்கள் என்பதை வைத்து எடுக்கப்பட்டது. ஆனால் அஷைமான் பெரிய சந்தை ஊர். காலையில் டிரோட்ரோ வேன்களில் வந்து இறங்கி, வியாபாரம் முடித்து, இருட்டியதும் போகிறவர்கள் அந்த எண்ணிக்கையில் இல்லை. அவர்களும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், கழிப்பறை தேடுகிறார்கள். நிதியும் ஆட்களும் மக்கள்தொகையைப் பார்த்து ஒதுக்கப்படும்போது, பகல்நேரத்துக் கூட்டத்துக்கான சேவைக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

சரி, வீட்டுக்குள் போவோம். இங்குள்ள பழைய வீடுகள் பெரும்பாலும் நம் ஊர் ஒண்டுக்குடித்தனம் மாதிரி. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாயும் குளிக்கிற மறைப்பும். ஒரு காலத்தில் பல வீடுகளில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. மனிதர் மலத்தை மனிதர் தலையில் சுமக்கும் அந்த முறைக்கு முடிவுகட்டச் சொல்லி, ஐந்து ஆண்டு கெடு வைத்து, 2008இல் கானா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் பல வீட்டுக்காரர்கள் அதை மூடினார்களே தவிர மாற்றுக் கழிப்பறை கட்டவில்லை. அந்த இடத்தையும் ஓர் அறையாக்கி வாடகைக்கு விட்டார்கள்.

சந்தைக்குப் பின்புறம் ஒரு வீட்டில் அப்படிப்பட்ட அறையைப் பார்த்தேன். தையல் பழகும் ஓர் இளைஞர் குடியிருந்தார். கட்டிலைப் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது. வீட்டுக்கார அம்மா, வயதானவர், ஒளிக்காமல் பேசினார். “கட்டச் சொல்றீங்க, கட்டிடலாம். பதினோரு குடும்பம் போய் வந்தா தினமும் கழுவுறது யாரு? குழி நிறைஞ்சா லாரி இந்தச் சந்துக்குள்ள வருமா?” இரண்டும் நியாயமான கேள்விகள். கழிப்பறைத் திட்டம் போடுகிற பலர் கட்டும் செலவை மட்டும் கணக்குப் பார்ப்பார்கள். கழுவுகிற ஆளையும் கழிவெடுக்கும் லாரி நுழைகிற அகலத்தையும் பார்ப்பதில்லை.

குடியிருப்பவர்கள் சண்டை போட்டுக் கேட்கலாமே என்று தோன்றும். கேட்க முடியாது. ஆறு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 1963ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இரண்டு ஆண்டு வாடகையை மொத்தமாகக் கேட்பார்கள். கடன் வாங்கி அதைக் கட்டிவிட்டு உள்ளே வந்தவர், கழிப்பறை இல்லை என்பதற்காக வெளியேற முடியுமா? அஷைமானின் சுகாதாரப் பிரச்சினையில் பாதி இந்த முன்பணத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் முடிவு.

ஆக, எல்லோரும் தெருவிலுள்ள கட்டணக் கழிப்பறைக்குப் போகிறார்கள். 2021 கணக்கெடுப்பின்படி கானாவில் 23 சதவீதக் குடும்பங்கள் பொதுக் கழிப்பறையை நம்பியிருக்கின்றன. எந்தக் கழிப்பறையும் இல்லாதவை சுமார் 18 சதவீதம். விடியற்காலையில் வரிசை நீளும். வாசலில் உட்கார்ந்திருப்பவர் காசை வாங்கிக்கொண்டு துடைக்கக் காகிதம் கொடுப்பார். ஒவ்வொரு முறைக்கும் காசு. வயிற்றுப்போக்கு வந்தவர் ஒரு நாளில் எத்தனை முறை காசு கொடுப்பார்? இரவில் பல இடங்களில் பூட்டிவிடுவார்கள். நடுராத்திரியில் குழந்தைக்குப் போனால் வாளியோ பிளாஸ்டிக் பையோதான். காலையில் அது திறந்த சாக்கடைக்குப் போகிறது.

சாக்கடையிலிருந்து திரும்ப வாய்க்கு வரும் வழி மிகக் குறுகியது. வீடுகளுக்குப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் பல தெருக்களில் சாக்கடைக்குள்ளேயே ஓடுகின்றன. தண்ணீர் தினமும் வராது. வராத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது; விரிசல் இருந்தால் சாக்கடை நீர் உள்ளே இறங்கும். அடுத்த முறை திறந்துவிடும்போது முதலில் வருவது அதுதான். மக்கள் அதைச் சேமிப்பது மஞ்சள் பிளாஸ்டிக் கேன்களில். 2001 முதல் 2009 வரை அதிபராக இருந்த ஜான் குஃபோர் காலத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தில் பரவியதால், ‘குஃபோர் கேலன்’ என்றே பெயர். கேன் பரவாயில்லை, வாய் குறுகல். டிரம்மில் ஊற்றி வைத்து எல்லோரும் குவளையை விட்டு மொள்ளும்போதுதான் ஒருவர் கையிலிருப்பது அத்தனை பேருக்கும் போகிறது.

குழாயை நம்பாதவர்கள் குடிக்க வாட்டர் பாக்கெட் வாங்குகிறார்கள். அரை லிட்டர் பாக்கெட்டுகளை ‘பியூர் வாட்டர்’ என்று கூவித் தலையில் சுமந்து விற்பார்கள். நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான குடும்பங்களுக்கு இதுதான் முக்கியக் குடிநீர். குழாய் நீரைவிடப் பெரும்பாலும் பாதுகாப்பானது என்பதால் இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலி பாக்கெட்டுகள் சாக்கடையை அடைக்கின்றன, மழை நீர் வழியில்லாமல் தெருவில் ஏறுகிறது, கழிவுக் குழிகள் நிரம்பி அதோடு கலக்கின்றன. மழைக்கும் காலராவுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான்.

2014 காலராவுக்குப் பிறகு, அந்த நவம்பர் முதல், மாதத்தின் முதல் சனிக்கிழமையைத் தேசியத் துப்புரவு நாளாக அறிவித்தார்கள். உற்சாகமாக ஆரம்பித்தது. சாக்கடை மண்ணை வாரி ஓரத்திலேயே குவித்து வைப்பார்கள். அதை எடுத்துப்போக வண்டி வராது. அடுத்த மழையில் மறுபடி உள்ளே. அப்புறம் ஆர்வமும் வடிந்துவிட்டது.

பலன் கண்ணில் தெரிந்தது வேறொரு வழியில். உலக வங்கி நிதியோடு 2013இல் கிரேட்டர் அக்ரா பகுதிக்காகத் தொடங்கிய குடிநீர், துப்புரவுத் திட்டத்தில், ஏழைக் குடியிருப்புகளில் வீட்டுக் கழிப்பறைக்கு மானியம் கொடுத்தார்கள். பயோடைஜெஸ்டர் வகைக் கழிப்பறைகள் குறைந்த இடத்தில் அடங்கும். கழிவு உள்ளேயே மக்குவதால் லாரியை அடிக்கடி கூப்பிட வேண்டியதில்லை. கூடவே, கழிப்பறை இல்லாத வீட்டுக்காரர்கள் மீது சுகாதார ஆய்வாளர்கள் வழக்கும் போட்டார்கள். மானியமும் வழக்கும் சேர்ந்து வந்த இடத்தில் வீட்டுக்காரர்கள் அசைந்தார்கள். வெறும் பிரசங்கத்துக்கு யாரும் அசைந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் வேலை முடியவில்லை. 2024 அக்டோபர் முதல் கானாவின் கடலோரப் பகுதிகளில் மறுபடி காலரா பரவி நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

தேமா பக்கத் தொழிற்சாலைகளில் இந்தியர்களும் வேலை செய்கிறார்கள். அங்கே போகிற நம்மவர்களுக்குச் சில வார்த்தைகள். வாட்டர் பாக்கெட் வாங்கும்போது உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பல்லால் கடித்துத் திறப்பதற்கு முன் மூலையைத் துடையுங்கள். தெருவோரத்தில் விற்கும் வாச்சே என்ற காராமணிச் சாதத்தைச் சூடாக இருக்கும்போது தாராளமாகச் சாப்பிடலாம். ஆறிப்போன உணவும் நறுக்கி வைத்த காய்களும் மழைக்காலத்தில் வேண்டாம். காலரா கிருமி உள்ளே போன சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் நோய் தெரியும். தண்ணீராகப் போக ஆரம்பித்ததும் ஓஆர்எஸ் குடிக்கத் தொடங்குங்கள். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குடித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறப்பதில்லை. கிடைக்காவிட்டால், நோய் முற்றியவர் சில மணி நேரத்திலேயே போய்விடலாம்.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது, முன்பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே, கழிப்பறை எங்கே, எத்தனை குடும்பத்துக்கு ஒன்று, இரவில் திறந்திருக்குமா, கழுவுவது யார் என்று கேளுங்கள். இல்லையென்றால் கட்டித் தரும் தேதியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பணம் கைமாறிய பிறகு அந்தப் பேச்சை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.