வெட்டிய கரும்பும் வெட்டப்பட்ட கரும்பும்

வெட்டிய ஆள், வெட்டிய கத்தி, வெட்டிய தோட்டம், வெட்டிய நாள், வெட்டிய கரும்பு. இந்த ஐந்திலும் வினையின் வடிவம் ஒன்றுதான். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறு வகைப் பெயர்களையும் பெயரெச்சம் ஏற்கும் என்று நன்னூல் வகுத்திருக்கிறது. கரும்பு தானாக எதையும் வெட்டாது என்று நமக்குத் தெரியும் என்பதால், 'வெட்டப்பட்ட' என்று சொல்ல வேண்டிய கட்டாயம் தமிழில் இல்லை. ஐயம் எழக்கூடிய இடத்தில் வேற்றுமை உருபு துணைக்கு வருகிறது: 'நாய் துரத்திய பையன்' ஓடுகிறவன், 'நாயைத் துரத்திய பையன்' துரத்துகிறவன்.

மொரீஷியஸில் தமிழ் கற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் அத்தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசி, பள்ளித் தேர்வுகளை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள். கிரியோலும் இவ்விடத்தில் தமிழைப் போலவே இளகியது. 'லாகாஸ் கி ஃபின் வாந்தே' என்றால் 'விற்ற வீடு'. விற்றவர் யார் என்ற குறிப்பும் இல்லை, செயப்பாட்டுக்கென்று தனி உறுப்பும் இல்லை. இவ்விரு மொழிகளின் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் நுழையும் மாணவருக்கு, சென்ற ஆண்டு கட்டிய வீட்டை 'தி ஹவுஸ் விச் பில்ட் லாஸ்ட் இயர்' என்று எழுதத் தோன்றுவது இயல்பே. அதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவதைவிட, ஆங்கிலம் அங்கே ஏன் 'வாஸ்' கேட்கிறது என்று விளக்குவதே ஆசிரியர் செய்ய வேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் ஐ உருபு போன்ற அடையாளம் கிடையாது. யார் செய்தார், யாருக்கு நேர்ந்தது என்பதைச் சொற்கள் நிற்கும் வரிசையே காட்டுகிறது. 'ஹூ', 'விச்', 'தட்' ஆகியவற்றுக்கு அடுத்து உடனே வினை வந்தால், முன்னால் நிற்கும் பெயரே அந்த வினைக்கு எழுவாய். ஆகவே 'தி பாய் ஹூ சேஸ்ட் தி டாக்' என்பதில் பையன்தான் துரத்துகிறான். துரத்தப்பட்டவன் அவன் என்று சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாயை இடையில் எழுவாயாக நிறுத்தி 'தி பாய் ஹூம் தி டாக் சேஸ்ட்' என்பது. மற்றொன்று, பையனை எழுவாய் இடத்திலேயே வைத்துக்கொண்டு வினையைச் செயப்பாடாக்கி 'தி பாய் ஹூ வாஸ் சேஸ்ட் பை தி டாக்' என்பது. இரண்டாவது வழியில் 'பை தி டாக்' என்பதை விட்டுவிட்டாலும் தொடர் குறைபடாது. முதல் வழியில் நாயை நீக்க முடியாது. செய்தவர் தெரியாதபோதும், சொல்லத் தேவையில்லாதபோதும் சட்ட வாசகங்களும் அறிவிப்புகளும் செயப்பாட்டை நாடுவதற்கு இதுவே காரணம். உணர்வுள்ள உயிரைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலம் பேசுவோர் இந்த இரண்டாவது வழியைக் கூடுதலாகத் தேர்கிறார்கள் என்று மனம் மொழியைக் கையாளும் விதத்தை ஆராயும் உளமொழியியல் சோதனைகள் காட்டியுள்ளன.

எழுவாய் இடத்துக்கு உள்ள இந்தச் சலுகை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. எட்வர்ட் கீனன், பெர்னார்ட் காம்ரி ஆகிய மொழியியலாளர்கள் பல மொழிகளை ஒப்பிட்டு 1977இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெயரை விளக்கும் இத்தகைய தொடர்களில் எழுவாயே எல்லாவற்றிலும் எளிதாக இடம்பெறுகிறது. மொரீஷியஸுக்கு மேற்கே மடகாஸ்கரில் பேசப்படும் மலகாசி மொழி இதற்குத் தெளிவான சான்று: அங்கே செயப்படுபொருளை நேராக இப்படி விளக்க இயலாது, முதலில் வினையைச் செயப்பாடாக்கி அப்பொருளை எழுவாயாக்கிய பிறகே விளக்கத் தொடர் அமையும்.

துணைவினையின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். 'விச்' மாறாது நின்றாலும், அதற்கு முன்னுள்ள பெயர் ஒருமையானால் 'வாஸ்', பன்மையானால் 'வேர்'. எண்ணைப் பொருட்படுத்தாத நம் பெயரெச்சத்துக்குப் பழகியவர்கள் இதை எளிதில் தவறவிடுவார்கள்.

சில வேளைகளில் 'ஹூ வாஸ்' இரண்டும் சேர்ந்தே மறைந்து, 'தி பாய் சேஸ்ட் பை தி டாக்' என்று ஆகிவிடும். 'சேஸ்ட்' என்பது இறந்தகால வினையாகவும் எச்சமாகவும் ஒரே வடிவில் இருப்பதால், 'பை' வரும்வரை பையனே துரத்தினான் என்று வாசகர் எண்ணக்கூடும். உளமொழியியலாளர் தாமஸ் பீவர் 1970இல் எடுத்துக்காட்டிய 'தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்' என்ற வாக்கியம் இந்த மயக்கத்தின் உச்சம். கொட்டகையைக் கடந்து ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்பது அதன் பொருள். ஆனால் 'ஃபெல்' என்ற கடைசிச் சொல்லுக்கு வந்ததும் ஆங்கிலேயரே திகைத்து மறுபடி முதலிலிருந்து படிக்கிறார்கள். 'டேக்கன்', 'ரிட்டன்' போன்று எச்சத்துக்குத் தனி வடிவம் கொண்ட வினைகளில் இந்தத் தடுமாற்றம் எழுவதில்லை. எனவே மாணவர் இவ்வகை வினைகளில் 'ஹூ வாஸ்' இரண்டையும் சேர்த்தே விடுத்து எழுதிப் பழகலாம். 'சேஸ்ட்' போன்றவற்றில் அவற்றை வைத்தே எழுதுவது நல்லது.