புழங்காத பொருளை உப்பு தின்னும்

பாம்பன் பாலத்துக்கு இக்கரையில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில், எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி கிடந்தது. அம்மாவுக்குச் சீராக வந்தது. உள்ளே இரண்டு டஜன் எவர்சில்வர் தட்டு, அப்பத்தாவின் பித்தளைச் செம்பு, பட்டுப்புடவை இரண்டு, யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த போர்வை ஒன்று. போர்வை பிரிக்கப்படவே இல்லை. இந்த ஊர் வெக்கையில் அதை யார் போர்த்துவது? போன மாசியில் பெட்டியைத் திறக்கப் போனேன். கீல் கையோடு வந்துவிட்டது. அடித்தகடு விரல் பட்ட இடத்தில் அப்பளமாக நொறுங்கியது. தட்டுகளில் பழுப்புப் புள்ளிகள், போர்வையில் கறுப்புப் புள்ளிகள்.

அதே சீரில் வந்த எவர்சில்வர் குண்டான் ஒன்று அடுப்படியில் முப்பது வருஷமாக அடிபடுகிறது. விளிம்பு நெளிந்திருக்கிறது, அடி கறுத்திருக்கிறது, ஆனால் ஒரு துருப்புள்ளி இல்லை. “பத்திரமா வச்சது கெட்டுப்போச்சு, போட்டு அடிச்சது நல்லா இருக்கு” என்று அம்மா சலித்துக்கொண்டார். சலிப்பில் சொன்னாலும் வேதியியல்படி அது ரொம்பச் சரி.

முதலில் உப்பு வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று பார்ப்போம். அலை உடையும்போது வெள்ளையாக நுரைக்கிறதே, அது முழுக்கக் காற்றுக்குமிழிகள். ஒவ்வொரு குமிழி உடையும்போதும் அதன் மெல்லிய தோல் கிழிந்து நுண்துளிகளாகச் சிதறும். குமிழி இருந்த குழியின் அடியிலிருந்து ஒரு துளி மேலே பீய்ச்சியடிக்கும். துளியில் உள்ள தண்ணீர் காற்றில் ஆவியாகிவிட, கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் மிச்சமாகி மிதந்து வருகிறது. கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இதன் அடர்த்தி மளமளவென்று குறையும். ஆனால் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் ஆட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகிழக்கிலிருந்து அடிக்கும் வாடைக் காலத்தில் பாக் நீரிணை கொந்தளிக்கும். தீவுக்கு ஏதாவது ஒரு பக்கம் எப்போதும் நுரைத்துக்கொண்டிருக்கும்.

வெறும் உப்புத்தூள் காய்ந்திருந்தால் பெரிய தொல்லை இல்லை. அது தண்ணீர் குடிப்பதுதான் தொல்லை. பள்ளியில் ‘ஈரம் உறிஞ்சிக் கரையும் சேர்மங்கள்’ என்று படித்திருப்போம். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்குச் சுமார் 33 சதவீதமே போதும். நம் கடற்கரையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே வீட்டுக்குள் படிகிற உப்பில் ஒரு பங்கு வருஷம் முழுக்க நசநசத்துக்கொண்டே இருக்கும். வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பை வாங்கி ஜாடியில் போட்டுவையுங்கள். மழைக்காலத்தில் அடியில் தண்ணீர் விட்டிருக்கும். கடைப் பாக்கெட்டில் வரும் தூளுப்பு அவ்வளவு கசியாது. அதில் மக்னீசியத்தைக் குறைத்திருப்பார்கள்.

சரி, இந்த ஈரப்பூச்சு இரும்பின் மேல் என்ன செய்கிறது? ஒரு சொட்டு உப்புநீரை இரும்பின் மேல் வைத்தால் அது ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். சொட்டின் விளிம்பில் காற்று நன்றாகப் படும், நடுவில் ஆக்சிஜன் குறைவு. நடுப்பகுதி இரும்பு கரைந்து எலக்ட்ரானை விடுகிறது. விளிம்பில் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. துரு வட்டமாகப் படியும், குழி நடுவில் விழும். நல்ல தண்ணீரிலும் இது நடக்கும், ஆனால் மெதுவாக. உப்பு மின்சாரத்தை எளிதாகக் கடத்திக் கொடுப்பதால் வேகம் கூடுகிறது.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை என்றால், அதில் உள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே மிக மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. கீறினாலும் காற்று பட்டால் தோல் மறுபடி வளரும். அதற்குக் காற்று வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். தட்டின் மேல் தட்டாக நெருக்கி அடுக்கினால் இடையில் மயிரிழை இடுக்கு விழுகிறது. அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், குளோரைடு சேரும், அந்தத் துளி ஈரம் அமிலமாக மாறும், தோல் ஓட்டையாகும். குண்டானுக்கு இந்தக் கதி வராததற்குக் காரணம் அதன் தரம் இல்லை. தினமும் அது கழுவப்படுகிறது. படிந்த உப்பு மறுநாளே சாக்கடைக்குப் போய்விடுகிறது, அப்புறம் வெயிலில் கவிழ்ந்து காய்கிறது. கடலோரத்தில் திறந்தவெளியில் மழை பட்டு நிற்கும் உலோகத்தை விட, கூரைக்குக் கீழே மழை படாமல் உப்பு மட்டும் சேர்கிற உலோகம் சில சமயம் அதிகமாக அரிக்கப்படுவதும் இதனால்தான். பரணும் கட்டிலடியும் அந்த மாதிரி இடங்கள்.

இந்தக் காற்றை ஆய்வுக்கூடமாகவே பயன்படுத்தியவர்கள் உண்டு. காரைக்குடியில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (எங்கள் பக்கம் ‘சிக்ரி’ என்றால்தான் தெரியும்) அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்தது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை இத்தனை காலம் நிற்க வைத்தது ஓயாத சுரண்டலும் பெயின்ட்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு, அரிப்பைத் தடுக்க பாலிசிலாக்சேன் என்ற பூச்சு கொடுத்திருக்கிறார்கள். நம் டிரங்குப் பெட்டிக்கு யார் பெயின்ட் அடிப்பது?

“பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி வைத்தால்?” என்று கேட்பீர்கள். போர்வை அப்படித்தான் இருந்தது. பகலில் 30 டிகிரியில், 75 சதவீத ஈரப்பதத்தோடு உள்ளே அடைபட்ட காற்று, ராத்திரி 25 டிகிரிக்கு இறங்கினால் நீராகப் படிய ஆரம்பிக்கும். மார்கழியில் அந்தக் குளிர்ச்சி இங்கேயும் வருகிறது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான் மருந்து, ஈரத்துக்கு அல்ல.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் பெட்டியை உடனே காலி பண்ணவில்லை. தட்டுகளைத் துடைத்து, வேறொரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினேன். இரண்டு நாள் கழித்துத்தான் நான் செய்தது எனக்கே உறைத்தது.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். 2021-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. லெகோ என்ற பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளால் ஒரு சின்னக் கட்டுமானம். மேல்தளம் ஒரு மூலையில் ஒற்றைக் கட்டையின் மேல் ஆடிக்கொண்டு நிற்கும். அதை ஆடாமல் செய்ய வேண்டும், புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு கட்டைக்கும் பத்து சென்ட் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஒற்றைக் கட்டையை உருவிவிட்டால் தளம் கீழே கச்சிதமாக உட்கார்ந்துவிடும், செலவே இல்லை. ஆனாலும் 41 சதவீதம் பேர்தான் உருவினார்கள். “எடுப்பதற்குக் காசு கிடையாது” என்று முன்கூட்டியே நினைவுபடுத்தியபோது அது 61 ஆனது. எடுப்பது என்று ஒரு வழி இருப்பதே நமக்குச் சட்டென்று தோன்றுவதில்லை. பீரோ நிறைந்தால் இன்னொரு பீரோ, அதுவும் நிறைந்தால் பரணை நீட்டிக் கட்டுவது, நம் தெருவில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

கையை விட்டுப் போவதில் இருக்கும் வலி இன்னொன்று. கானமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-ல் எழுதிய கட்டுரையில் கப்பை வைத்து ஒரு பரிசோதனை வருகிறது. பாதிப் பேருக்குச் சாதாரணக் கப் ஒன்றைச் சும்மா கொடுத்தார்கள். கப் வைத்திருந்தவர்கள் விற்கக் கேட்ட விலை, இல்லாதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கைக்கு வந்து சில நிமிஷமே ஆன கப்புக்கே இப்படி என்றால், முப்பது வருஷச் சீர்த்தட்டுக்குக் கேட்க வேண்டுமா?

எங்கள் வீட்டில் இதற்கும் மேல் ஒரு காரணம் உண்டு. அப்பத்தா 1964 டிசம்பர் புயலைப் பார்த்தவர். தனுஷ்கோடி ஒரே ராத்திரியில் போன கதையைச் சொல்லும்போதெல்லாம் முந்தானையில் முடிந்த சாவியைத் தொட்டுக்கொள்வார். அந்தத் தலைமுறையிடம் போய் ‘குறைவாக வைத்துக்கொள்’ என்று உபதேசிக்க எனக்கு வாய் வராது. அந்தக் கால வீடுகளில் ஓலைப்பெட்டி, கொட்டான், உறி என்று எண்ணிச் சில பொருள்கள்தான் இருந்தன என்று சிலர் பெருமையாக எழுதுகிறார்கள். இருந்தது வறுமை. ஆனால் அந்தப் பொருள்கள் இந்தக் காற்றுக்கு ஒத்துப்போயின என்பதும் உண்மை. பனையோலை துருப்பிடிக்காது, காற்றை உள்ளே விடும், நைந்துபோனால் அடுப்புக்கு ஆகும். உறி காற்றோட்டத்தில் தொங்கும்.

கடைசியில் நாங்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம்: ஒரு கச்சான், ஒரு வாடை. இந்த இரண்டு காற்றுக்காலமும் கடந்து கை படாத பொருள், இரண்டு பக்கத்துக் கடலுப்பையும் வாங்கிவிட்டது என்று அர்த்தம். பிடிக்கிறதா, விலை எவ்வளவு என்ற கேள்வியெல்லாம் கிடையாது. புழங்குகிறதா இல்லையா, அவ்வளவுதான். புழங்கினால் கழுவுவோம், காய்ந்துவிடும். இல்லையென்றால் கெடுவதற்குள் புழங்குகிற வீட்டுக்குப் போகட்டும்.

தட்டுகளைப் புளிபோட்டுத் தேய்த்து, புதிதாகக் குடித்தனம் வைத்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தோம். கொடுக்குமுன் அம்மாவைத் தட்டுகளோடு நிற்க வைத்துப் படம் எடுத்தேன். இதிலும் ஆதாரம் இருக்கிறது: அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில், நினைவுப் பொருளைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று சொன்ன விடுதிகளிலிருந்து 613 பொருள்களும், வெறுமனே கொடுங்கள் என்ற விடுதிகளிலிருந்து 533-ம் வந்தன. புடவைகளை நிழலில் உலர்த்தி மடிப்பு மாற்றி மடித்தோம். அவை இனி பொங்கலுக்கும் சித்திரைக்கும் கட்டியே ஆக வேண்டும். பெட்டியைப் பழைய இரும்புக்காரர் தராசில் வைக்குமுன் நன்றாகத் தட்டி உதறினார். விவரமானவர். இரும்பு துருவானால் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து எடை கூடும். ஒரு கிலோ இரும்பு முழுக்கத் துருவானால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும்.

பித்தளைச் செம்பை மட்டும் அம்மா தர மறுத்துவிட்டார். அதுவும் நல்லதுதான். இப்போது அது அடுப்படி மேடையில் குடிதண்ணீரோடு இருக்கிறது, தினம் புளி படுகிறது, புளியின் அமிலம் களிம்பைக் கரைத்துவிடுகிறது.

கட்டிலடி பத்து நாள் காலியாக இருந்தது. போன வாரம் குனிந்து பார்த்தால் குக்கர் வாங்கின அட்டைப்பெட்டி. உள்ளே ஒன்றுமில்லை. “வாரண்டிக்குக் கேப்பாங்கடா” என்றார் அம்மா.