குங்ஃபூ தெரியும் என்று கத்தியைப் பிடிக்காதீர்கள்

கை அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு, விரல்களின் உட்புறத்தில் குறுக்காக ஒரே கோட்டில் ஓடும் வெட்டைக் கண்டவுடனே, அது கத்தியின் அலகைக் கையால் பற்றியதால் வந்தது என்று தெரிந்துவிடும். இந்த மாதம் அப்படிப்பட்ட காயத்தோடு வந்த இளைஞர் சில ஆண்டுகள் குங்ஃபூ பயின்றவர். கைபேசியைக் கேட்டு மிரட்டியவனிடம் அதைக் கொடுக்க மறுத்து, பயிற்சிக் கூடத்தில் கற்ற 'கத்தி பறிக்கும்' உத்தியை முயன்றதில், அவருடைய வலது கையின் நான்கு விரல்களிலும் மடக்குத் தசைநாண்கள் அறுபட்டிருந்தன; இரண்டு விரல்களில் உணர்வு நரம்புகளும் போயிருந்தன. மயக்க மருந்து நிபுணருக்காகக் காத்திருந்த நேரத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டெக்னிக்கைத் தப்பா பண்ணிட்டேனா டாக்டர்?"

இந்தக் கேள்வியை நான் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அறுவை சிகிச்சை முடிந்து, கட்டுப் போட்டு, பிசியோதெரபிக்கு அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். இனி அப்படி இருக்க மனம் ஒப்பவில்லை. அந்த இளைஞர் உத்தியைத் தவறாகச் செய்யவில்லை. அவருக்குக் கற்றுத்தந்தபடியேதான் செய்தார். கற்றுத்தந்த முறையில்தான் கோளாறு இருக்கிறது.

பயிற்சிக் கூடத்தில் கத்திப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று போய்ப் பாருங்கள். எதிரில் நிற்கும் தோழர் ரப்பர் கத்தியை ஒரு முறை நேராக நீட்டுவார். நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருப்பார். பயில்பவர் மணிக்கட்டைப் பற்றி, மூட்டைப் பூட்டி முறுக்கும் 'சின் நா' முறையில் முறுக்கி, கத்தியை விழச் செய்வார். அனைவரும் கைதட்டுவார்கள். தெருவில் கத்தி வைத்திருப்பவன் கையை நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. இடது கையால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, வலது கையால் குத்தி, இழுத்து, மீண்டும் குத்துகிறான். பிடித்த மணிக்கட்டு வியர்வையிலும் இரத்தத்திலும் வழுக்குகிறது. பிடி நழுவினால் அடுத்து உங்கள் உள்ளங்கைக்குள் வருவது அலகுதான். குத்துப்பட்டவர்களில் பலர் கத்தியைப் பார்க்கவே இல்லை என்றும், ஏதோ அடி விழுந்தது என்று மட்டுமே நினைத்ததாகவும் எங்களிடம் சொல்கிறார்கள்.

இதைச் சொன்னவுடன் ஒரு பதில் வரும். பல ஆண்டுகளாக என்னை மிகவும் சலிப்படையச் செய்திருக்கும் பதில் அது: "உண்மையான குங்ஃபூ உத்திகள் உயிரைப் பறிப்பவை, கண், தொண்டை, விதைப்பை ஆகியவற்றைத் தாக்குபவை, ஆகவே அவற்றைப் போட்டியிலோ பயிற்சியிலோ முழு வேகத்தில் சோதித்துப் பார்க்க முடியாது, ஆனால் உயிருக்கு ஆபத்து வரும்போது அவை தாமாகவே வெளிப்படும்." மாணவர்கள் இதை நம்புகிறார்கள், பெற்றோர்கள் நம்புகிறார்கள், சில மாஸ்டர்களும் மனதார நம்புகிறார்கள். ஆகவே இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முழு வேகத்தில், விடாமல் எதிர்க்கும் ஒருவர் மீது ஒருபோதும் செய்து பாராத அசைவு, அச்சத்தில் இதயம் தறிகெட்டு அடித்து, பார்வை குறுகி, விரல்களின் நுண்ணிய கட்டுப்பாடு குறைந்துபோன நிலையில், முதன்முறையாகச் சரியாக வந்துவிடும் என்று எதிர்பார்க்க எந்த உடலியல் காரணமும் இல்லை. தையல் போடப் பயிற்சிப் பட்டையில் அழகாகப் பழகிய மருத்துவ மாணவரை, இரத்தம் பொங்கும் காயத்தின் முன் முதன்முறை நிறுத்தும்போது கை நடுங்குகிறது. தையல் முறை பொய் என்பது அதற்குப் பொருளாகாது, அந்த நிலைமையில் அவர் பழகவில்லை என்பதே பொருள். கண்ணைக் குறிவைத்து நீட்டிய விரல், தலை சற்றே குனிந்தால் நெற்றி எலும்பில் மோதுகிறது; அப்படி மூட்டு நழுவிய விரல்களுக்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன். விதைப்பை அடியைப் பொறுத்தவரை, சோதனையே நடந்திருக்கிறது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்கிய யூ.எஃப்.சி. என்னும் கலப்புச் சண்டைப் போட்டிகளில், ஆரம்பத்தில் கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் தவிர ஏறத்தாழ எதற்கும் தடையில்லை. 1994 டிசம்பரில் நடந்த ஒரு மோதலில், தரையில் தன்னைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் விதைப்பையில் எதிராளி அடுத்தடுத்துக் குத்தினார். முதல் குத்திலேயே அவர் சுருண்டுவிடவில்லை. பல குத்துகளுக்குப் பிறகுதான் பிடி தளர்ந்தது. தொண்டையில் விழும் அடி குரல்வளையை நொறுக்கி உயிரைப் பறிக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் கைபேசிக்காகவோ வண்டி உரசியதற்காகவோ அதைச் செய்துவிட்டு, சட்டம் தரும் தற்காப்பு உரிமை காப்பாற்றும் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த உரிமை, தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டிய தீங்குக்கு நீளாது.

'ஆபத்தானது, ஆகவே சோதிக்க இயலாது' என்ற வாதம் சீன மரபின் மூத்த குரல்களுக்கே எதிரானது என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. 16-ஆம் நூற்றாண்டில் மிங் பேரரசின் கடற்கரைகளைக் கொள்ளையரிடமிருந்து காத்த தளபதி சி ஜிகுவாங், தம் படைப்பயிற்சி நூலில் வெறுங்கைச் சண்டைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். பெரும் போரில் அதற்கு நேரடிப் பயன் குறைவு என்றும், கைகால்களைப் பழக்கி உடலை உறுதியாக்க அது நல்ல தொடக்கம் என்றும் ஒளிக்காமல் எழுதினார். கலையைக் கற்றவர் அதை எதிராளியிடம் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும். வென்றதைப் பெருமையாகவும் தோற்றதை வெட்கமாகவும் கொள்ளாமல், எதனால் வென்றோம், எதனால் தோற்றோம் என்று சிந்தித்துத் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்பதும் அவர் அறிவுரை. எதிராளியைக் கண்டு அஞ்சினால் கலை இன்னும் ஆழமாகவில்லை என்பதே அவர் தீர்ப்பு. இதைவிடத் தெளிவாக இன்றைய பயிற்சியாளர் யாரும் சொல்லிவிடவில்லை.

1928-ல் நான்ஜிங்கில் சீனச் சண்டைக் கலைகளுக்காக நிறுவப்பட்ட மத்தியக் குவோஷூ நிறுவனம், அதே ஆண்டு நாடு முழுவதிலுமிருந்து வந்த கலைஞர்களை லெய்தாய் என்னும் உயர்ந்த சண்டை மேடையில் மோதவிட்டது. காயங்கள் மிகுந்ததால் இறுதிக் கட்டப் போட்டிகள் நிறுத்தப்பட்டன. அங்கே துலங்கியவர்களில் ஷுவாய் ஜியாவ் என்னும் சீன மல்யுத்தத்தில் ஊறியவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள்; அவர்கள் நாள்தோறும் எதிர்க்கும் உடலோடு பழகியவர்கள். 1954 ஜனவரியில் மக்காவ் (Macau) நகரில், நன்கொடை திரட்டுவதற்காக, மென்மையான அசைவுகளைக் கொண்ட தாய் ச்சி கலையின் ஐம்பது வயதைக் கடந்த ஆசான் வூ கொங்யியும், அவரைவிட மிக இளையவரான வெண்கொக்கு முறை ஆசான் சான் ஹாக்-ஃபூவும் மேடையேறினர். ஒருவர் மூக்கில் இரத்தம் வழிந்தது. இரண்டாம் சுற்றிலேயே வெற்றி தோல்வி அறிவிக்காமல் நிறுத்தப்பட்டது. அந்தப் படச்சுருள் இன்றும் இருக்கிறது. கொக்கின் நளினமோ தாய் ச்சியின் மென்மையோ அதில் தெரிவதில்லை. பதற்றத்தில் கைகளை வீசும் இரண்டு மனிதர்கள்தான் தெரிகிறார்கள். இருவருமே தத்தம் கலையில் பெரும் மதிப்புக்குரியவர்கள் என்பதால்தான் இந்தச் சான்றுக்கு இவ்வளவு மதிப்பு.

1949-க்குப் பிறகு சீன அரசு வூஷூ எனப்படும் சீனச் சண்டைக் கலையை உடல்நலத்துக்கும் மேடைக்கும் உரிய கலையாக ஒழுங்குபடுத்தியது. 1956-ல் வகுக்கப்பட்ட 24 அசைவுகள் கொண்ட எளிய தாய் ச்சி, பொதுமக்கள் நலத்துக்காகவே உருவானது. நேருக்கு நேர் மோதும் பயிற்சி ஊக்கம் இழந்தது. 1979-ல் மீண்டும் சோதனை முறையில் அனுமதிக்கப்பட்டபோது பிறந்ததுதான் இன்றைய சாண்டா: குத்து, உதை, ஆளைத் தூக்கி எறிதல் மூன்றையும் கையுறையோடும் காப்புகளோடும், எதிராளி முழு மூச்சாக எதிர்க்கும்போதே செய்வது. 2019 ஆகஸ்டில் ஷென்ஜென் நகரில் 42 விநாடிகளில் யூ.எஃப்.சி. பட்டம் வென்ற ஜாங் வெய்லி சிறுவயதில் மரபு வூஷூவில் தொடங்கி சாண்டா வழியாக வந்தவர். சீனக் கலை சண்டைக்கு உதவாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களும் தவறு செய்கிறார்கள் என்பதற்கு அவரே போதும்.

மறுபக்கத்தில், 2017 ஏப்ரலில் செங்டு நகரில் கலப்புச் சண்டை வீரர் சூ சியாவ்தோங்குக்கு எதிரே நின்ற தாய் ச்சி ஆசான் வெய் லெய் 20 விநாடிகள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 2020 மே மாதம் ஷான்தோங் மாகாணத்தில், 69 வயதான தாய் ச்சி ஆசான் மா பாவ்குவோ ஒரு மேடைச் சண்டையில் அரை நிமிடத்துக்குள் மூன்று முறை விழுந்தார். மூன்றாவது முறை நினைவிழந்து கிடந்தார். அந்த வயதில் தலையில் அடிபட்டு மயங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அறிந்தவன் என்ற முறையில், அந்தக் காணொளியைக் கேலிக்காகப் பகிர்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால், மரபுக் கலையில் எதிராளியைத் தொடும் தூரத்தில் கையை நிறுத்திக்கொள்வதே முறை, அப்போதே தாம் வென்றாயிற்று என்று அவரே வேறொரு காணொளியில் விளக்கியதையும் கேளுங்கள். நிறுத்திக்கொள்ளும் கையை மட்டுமே வாழ்நாள் முழுவதும் பழக்கினால், அவசரத்தில் வேறு கை முளைக்காது. அதே 2020-ல் சீன வூஷூ சங்கமே, தம்மைத் தாமே பேராசான் என்று பறைசாற்றிக்கொள்வதைக் கைவிடுமாறு கலைஞர்களைக் கேட்டுக்கொண்டது.

தாய் ச்சியை நான் என் வயதான நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கிறேன். தடுமாறி விழுவதை அது குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆய்வுச் சான்று இருக்கிறது. குழந்தைகளுக்கு ஒழுங்கும் சமநிலையும் வேண்டுமென்று குங்ஃபூ வகுப்பில் சேர்த்தால் மகிழ்ச்சியே. தெருச் சண்டைக்கும் கத்திக்கும் அதே வகுப்பு காப்பு என்று விற்கும்போதுதான் என் அறுவை அரங்கில் ஆள் சேர்கிறது.

கத்தியைக் காட்டினால் கைபேசியைக் கொடுத்துவிடுங்கள். அதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் முடக்கிக்கொள்ளலாம். ஓட வழி இருந்தால் ஓடுங்கள். வழியே இல்லாமல் தாக்கப்பட்டால் மட்டும், கையில் இருக்கும் பையையோ நாற்காலியையோ இடையில் வைத்துக்கொண்டு உரக்கக் கூச்சலிடுங்கள். வெட்டு விழுந்துவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து உடனே வாருங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். மணிக்கட்டில் கயிறோ ரப்பர் வளையமோ இறுக்காதீர்கள். மோதிரத்தை வீங்குமுன் கழற்றிவிடுங்கள். வழியில் டீ, காப்பி கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வையுங்கள். விரல் நேராகப் பனியில் படக் கூடாது. இரத்தம் நின்றுவிட்டது, விரலும் அசைகிறது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். நுனி மரத்திருந்தால் நரம்பு அறுந்திருக்கக்கூடும். அலகைப் பற்றும்போது வெட்டு விழும் விரலின் உட்புறப் பகுதியில், விரலை மடக்கும் தசைநாண்கள் இரண்டும் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஒரு காலத்தில் அங்கே உடனடியாகத் தைக்க அறுவை மருத்துவர்களே தயங்கினார்கள். இன்று தைக்கிறோம். ஆனால் ஏறத்தாழ 6 வாரம் ஸ்ப்ளின்ட் என்னும் தாங்குபட்டை, வலுவாகப் பற்றுவதற்கு ஏறத்தாழ 12 வாரம், அதற்குப் பிறகும் முழுமையாக மடங்கும் என்ற உறுதி இல்லை.

வெறுங்கைச் சண்டையிலும் கை உடைகிறது. விங் சுன் என்னும் குங்ஃபூ முறையில், மடக்கிய கையின் கீழ் மூன்று விரல்முட்டிகளால் குத்தக் கற்றுத்தருகிறார்கள். சுண்டுவிரலைத் தாங்கும் உள்ளங்கை எலும்பு மெல்லியது, மண்டையோட்டில் மோதினால் அதன் கழுத்துப் பகுதி முறிகிறது. கையுறையும் கைக்கட்டும் இல்லாமல் தலையில் குத்தாதீர்கள். விரல்முட்டியின் மேல் சிறு கீறல் இருந்து, அது எதிராளியின் பல் பட்டு வந்ததானால், தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். "கதவில் இடித்துக்கொண்டேன்" என்று சொல்பவருக்குத் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். வாயின் கிருமிகள் மூட்டுக்குள் அடைபட்டு, ஓரிரு நாளில் மூட்டே அழுகத் தொடங்கும். காவல்துறைக்குத் தகவல் போகும் என்று அஞ்சி இந்தப் பொய்யைச் சொல்லி விரலை இழந்தவர்கள் உண்டு. தள்ளுமுள்ளில் பின்தலை தரையில் மோதியவர் எழுந்து நின்று பேசினாலும், வாந்தியோ தூக்கக் கலக்கமோ தலைவலியோ இருந்தால் அன்றிரவே 108-ஐ அழையுங்கள்.

பயிற்சி தரும் மாஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு முறையாவது பல்காப்பும் கையுறையும் அணிவித்து மாணவர்களைக் கட்டுப்பாட்டோடு ஸ்பாரிங் என்னும் பயிற்சிச் சண்டை செய்ய விடுங்கள், தோற்பதை அவமானமாக்காதீர்கள். கத்தி பறிக்கும் பாடத்தை நடத்துமுன், ஒரு மாணவரின் கையில் சிவப்பு மார்க்கர் பேனாவைக் கொடுத்து, வெள்ளைச் சட்டை அணிந்த இன்னொருவரை அவர் விருப்பப்படி, எத்தனை முறை வேண்டுமானாலும் தாக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போடச் சொல்லுங்கள். சட்டையிலும் உள்ளங்கையிலும் விழுந்த சிவப்புக் கோடுகளை மாணவர்கள் அனைவருக்கும் காட்டுங்கள். அந்தக் கோடுகள் விழாமல் தப்பும் வழியை உங்களால் காட்ட இயலும்வரை, கத்தி வகுப்பை நிறுத்தி வையுங்கள்.